தொப்பலாக நனைந்த சொல்லின் பூர்வீகம்: கேள்வி பதில்

கே: மழையில் தொப்பலாக நனைந்தவரை ஆங்கிலத்தில் ‘டிரெஞ்ச்டு’ என்கிறார்களே, அதற்கு வேர் எது சார்?

ப: குடிதான்! ‘டிரிங்க்’ என்ற தன்வினைக்குப் பிறவினை ‘டிரெஞ்ச்’. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் ‘குடிக்க வை’ என்று பொருள். நம் உண், ஊட்டு மாதிரி. ‘சிட்’ உட்கார், ‘செட்’ உட்கார்த்து. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ வீழ்த்து. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

கே: குடிக்க வைப்பது எப்படி சார் நனைப்பதாகும்?

ப: நடுவில் ஒரு படி இருக்கிறது: மூழ்கடிப்பது. பழைய ஆங்கிலத்திலேயே அந்தப் பொருளும் உண்டு. கிணற்றில் தத்தளித்தவனை நாமும் ‘நல்லா தண்ணி குடிச்சுட்டான்’ என்றுதானே சொல்கிறோம்? மூழ்கியவன் முழுக்க நனைந்துதானே ஆகவேண்டும்!

கே: கால்நடை மருத்துவம் படிக்கிறேன். எங்கள் பாடத்தில் ‘டிரெஞ்சிங்’ என்றால் வாய்வழியே மருந்து ஊற்றுவது. இது வேறு சொல்லா?

ப: அதே சொல்தான் தம்பி. பழைய பொருளை விடாமல் வைத்திருப்பது உங்கள் துறைதான். நம்மூரில் மாட்டின் கடைவாயில் மூங்கில் குழாயைச் செருகிக் கஷாயம் புகட்டுவார்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அதற்கு மாட்டுக் கொம்பு. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆட்டுப் பண்ணைகளில் குடற்புழு மருந்துக்கு இன்றும் ‘டிரெஞ்ச்’ என்றுதான் பெயர். (தலையை ரொம்பத் தூக்கிப் பிடித்துவிடாதீர்கள். மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.)

கே: மழைக்குப் போடும் ‘டிரெஞ்ச் கோட்’டும் இதிலிருந்து வந்ததா?

ப: இல்லை. தமிழ் எழுத்து செய்த குழப்பம் அது. ஆங்கிலத்தில் முதலெழுத்தே வேறு: நனைப்பதற்கு D, கோட்டுக்கு T. அந்த ‘டிரெஞ்ச்’ பதுங்குகுழி, ‘வெட்டு’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்ட கோட்டு.

கே: ஊறவைப்பதைச் சொல்லும் ‘சோக்’?

ப: உறிஞ்சுவதைக் குறிக்கும் ‘சக்’கின் பங்காளி.

கே: ‘சாச்சுரேட்’ என்பதும் முழுக்க ஊறுவதுதானே அண்ணா?

ப: லத்தீனில் ‘சட்டூர்’ என்றால் வயிறு நிறைந்தவன். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் திருப்தியாக்குவது என்றே பொருள். நீரில் ஊறுவதெல்லாம் பிற்பாடு. இதற்குத் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது, நம்பமாட்டீர்கள்: சோகத்தைச் சொல்லும் ‘சேட்’! பழைய ஆங்கிலத்தில் அது வயிறு நிறைந்தவனைக் குறித்தது. நிறைவு திகட்டலாகி, திகட்டல் சலிப்பாகி, கடைசியில் சோகமாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் மூன்றாவது முறை பாயச வாளி வரும்போது இலைக்கு எதிரே இருக்கும் முகங்களைப் பாருங்கள், புரியும்.