வாசகர் கேள்வி: பாம்பும் பல்லியும்

கேள்வி: ஐயா, மொரீசியஸுக்கே உரிய பாம்பு உண்டா? எங்கள் வீட்டுப் பின்புறம் வந்ததைப் பார்த்து என் மருமகள் அலறிவிட்டாள்.
– ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் வெள்ளிக்கோல் வரையனாக இருக்கும். ஆசியாவிலிருந்து வந்த பாம்பு, விஷமில்லை. துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நம் சொந்தப் பாம்பு வடக்கே இல் ரோந்த் தீவில் இருக்கிறது. எலி ஏறாத தீவு என்பதால் பிழைத்தது. அதன் மேல்தாடை எலும்பு ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி தனியாக அசையும். வழுக்கும் அரணையை இறுகப் பிடிக்க அது உதவுகிறது. பகலில் கருத்தும் இரவில் வெளுத்தும் இருக்கும். குட்டி போடாது, முட்டைதான். இதற்கு ஒரு பங்காளி இருந்தது, மண்ணில் புதையும் பாம்பு. அதைக் கடைசியாகக் கண்டது 1975இல். தீவை மொட்டையடித்த ஆடுகளை 1979இலும் முயல்களை 1986இலும் அகற்றினார்கள். கொஞ்சம் முன்பே செய்திருக்கலாம். 2012இல் சில பாம்புகளைக் குவான் தெ மீர் என்ற இன்னொரு சிறு தீவுக்கும் கொண்டுபோய் விட்டார்கள்.

அப்புறம், பல்லி சாஸ்திரம் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. சுவரில் சத்தம் போடுகிற சாம்பல் பல்லியும் வந்தேறிதான், வேலியோர ஓணானும் அப்படியே. வாழைப்பூவில் தேன் நக்கும், நீல வால் கொண்ட பச்சைப் பல்லிதான் மண்ணின் மைந்தன். மலைக்காட்டில் ரூசியா என்ற செடியின் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அதுவே.