கிதாரும் மாடுலரும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வருடமாக எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறேன். கையில் ஒரு டிஸ்டார்ஷன், ஒரு டிலே, ஒரு ட்யூனர் பெடல் இருக்கின்றன. தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உருவாக்கும் மாடுலர் சிந்தசைசர் மேல் ஆசை வந்து, யூரோராக் என்ற அளவுமுறையில் சின்னதாக ஒரு செட் கட்டலாம் என்றிருக்கிறேன். ஒலி அலையை உருவாக்க இரண்டு ஆசிலேட்டர், சுரங்களை வரிசையாக ஓட்ட ஒரு சீக்வென்சர், அதிர்வெண்களை வெட்ட ஒரு ஃபில்டர் என்று பட்டியல் போட்டாயிற்று. போன வாரம் நண்பரின் ராக்கில் (மாட்யூல்கள் மாட்டிய பெட்டியில்) கிதாரை நேராக ஃபில்டரில் செருகிப் பார்த்தேன். மூக்கடைத்த மாதிரி மங்கலாக, மிகச் சன்னமாகத்தான் சத்தம் வந்தது. ஓங்கி அடித்தாலும் ஃபில்டர் அசையவே இல்லை. என் பட்டியல் சரிதானா? நான் கிதாரில் வாசிக்கும் சுரத்தையே ஆசிலேட்டரையும் வாசிக்க வைக்க முடியுமா? இதில் எதற்காவது ஆபத்து உண்டா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பட்டியலில் உள்ள இரண்டு ஆசிலேட்டரையும் சீக்வென்சரையும் இப்போதைக்கு அடித்துவிடுங்கள். அது கீபோர்டுக்காரர் போடும் பட்டியல். ஆறு கம்பி கட்டிய ஆசிலேட்டர் உங்கள் மடியிலேயே இருக்கிறது. அதை ராக்குக்குள் ஒழுங்காகக் கொண்டுபோவது, உங்கள் கை அழுத்தத்தை வோல்டேஜாக மாற்றுவது, சத்தத்தை ஆம்புக்கு ஏற்ற அளவில் வெளியே எடுப்பது ஆகிய மூன்றும்தான் உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டும்.

நண்பர் வீட்டில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து நடந்திருக்கின்றன. முதலாவது, அளவு. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது பிக்கப்; ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் தருவது ஏறக்குறைய 0.1 முதல் 0.2 வோல்ட். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரில் ஓங்கி அடித்தால் 1 வோல்ட்டை நெருங்கும். யூரோராக்கில் ஓடும் ஆடியோவோ மேலே 5, கீழே 5 வோல்ட். 0.2 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்க 25 மடங்கு, அதாவது 28 டெசிபல் பெருக்கம் தேவை. 1 வோல்ட்டாக இருந்தால் 14 டெசிபல் போதும். ஆகவே 10 முதல் 40 டெசிபல் வரை திருப்பக்கூடிய ப்ரீஆம்ப் இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

இரண்டாவது, அந்த மூக்கடைப்பு. கிதார் பிக்கப் எதிர்பார்ப்பது 1 மெகாஓம் அளவுள்ள இன்புட். யூரோராக் மாட்யூல்களில் பெரும்பாலும் 100 கிலோஓம்தான் இருக்கும். பத்தில் ஒரு பங்கு. அந்தச் சுமையில் பிக்கப்பின் மேல் அதிர்வெண்கள் அமுங்கிவிடும். போன பளபளப்பைப் பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது. மருந்து எளிது: ராக்குக்கு முன்னால் ஒரு பஃபர், அதாவது பிக்கப்பின் மேல் சுமை விழாமல் சிக்னலைக் கடத்தும் சின்னச் சுற்று. உங்கள் ட்யூனர் பெடலிலேயே அது இருக்கலாம். பாஸ் டியு-3 போன்றவை அணைத்து வைத்திருக்கும்போதும் பஃபர் வழியாகவே சிக்னலை அனுப்புகின்றன. சோதிக்க, பெடலின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வாசியுங்கள். சத்தம் நின்றுபோனால் பெரும்பாலும் பஃபர் உள்ளது என்று அர்த்தம். வந்துகொண்டே இருந்தால் ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்ததும் சிக்னலை நேராகக் கடத்திவிடும் வகை; இதற்கு உதவாது.

அளவைப் பெருக்க டோப்ஃபர் ஏ-119 பழைய, நம்பகமான மாட்யூல். யூரோராக் என்ற அளவுமுறையையே தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி வைத்தவர் டீட்டர் டோப்ஃபர்தான். ஏ-119இல் ப்ரீஆம்ப், என்வலப் ஃபாலோயர், கேட் மூன்றும் ஒரே பலகையில் வருகின்றன. பெஃபாக்கோவின் இன்ஸ்ட்ருமென்ட் இன்டர்ஃபேஸும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம்.

என்வலப் ஃபாலோயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கைக்கும் ராக்குக்கும் நடுவில் இருக்கும் நரம்பு அதுதான். 1972இல் வந்த ம்யூ-ட்ரான் 3 பெடலுக்குள் ஃபில்டரை அசைத்ததும் இதே சங்கதிதான். கிதாரின் அலையை ஒரே பக்கமாக மடித்து, மெதுவான ஃபில்டரில் வழித்து மேடுபள்ளத்தை நிரவி, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒரு வோல்டேஜாகத் தரும். நண்பரின் ராக்கில் ஃபில்டர் அசையாததற்குக் காரணம், அதை அசைக்கும் வோல்டேஜை நீங்கள் யாரும் கொடுக்கவில்லை என்பதே. ஆடியோ இன்புட் வேறு, சி.வி. (கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) இன்புட் வேறு.

இதில் வழித்தலின் நேரத்தைத் தவறாக வைப்பதுதான் வழக்கமான பிழை. மிகக் குறைவாக வைத்தால் அலையின் துடிப்பே வெளியே கசியும். தடித்த இ கம்பி 82.4 ஹெர்ட்ஸ், மடித்த பின் அது 165 ஹெர்ட்ஸ் உறுமலாக ஃபில்டரில் கேட்கும். சிலருக்கு அந்த உறுமல் பிடிக்கும், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். அதிகமாக வைத்தால் நீங்கள் அடித்து முடித்த பிறகுதான் ஃபில்டர் சோம்பேறித்தனமாகத் திறக்கும். மாட்யூலில் நேரத்தை மாற்றும் குமிழ் இல்லையென்றால், பின்னால் வோல்டேஜின் திடீர் மாற்றத்தை மெதுவாக்கும் ஸ்லூ லிமிட்டர் ஒன்றைப் போட்டு வழிக்கலாம்.

மற்ற மாட்யூல்களைத் தட்டிவிடும் ஆன்-ஆஃப் வோல்டேஜான கேட்டிலும் ஒரு தொல்லை உண்டு. சத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் திறக்கும், இறங்கினால் மூடும். கிதாரின் ஒலியோ மெல்லத் தேய்ந்து போவது. தேயும் ஒலி அந்த எல்லையில் நடுங்கும்போது ஒரே அடிக்குக் கேட் நாலைந்து முறை படபடக்கும். எல்லையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சுரம் முடிந்ததும் உள்ளங்கையால் கம்பியை அடக்குங்கள். முழு கார்டு அடித்து ஓடவிட்டால் கேட் மூடவே மூடாது, அடுத்த அடிக்கு என்வலப் புதிதாகத் தொடங்காது. அது மாட்யூலின் குற்றமில்லை. மாடுலரோடு வாசிக்கும்போது கை கொஞ்சம் சிக்கனமாக வேண்டும்.

டிஸ்டார்ஷனை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். டிஸ்டார்ஷன் ஏற்ற இறக்கங்களைத் தட்டையாக்கிவிடும். அதற்குப் பிறகு என்வலப் எடுத்தால் வோல்டேஜ் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் ஃபில்டருக்கோ டிஸ்டார்ஷன்தான் தீனி. சுத்தமான கிதாரில் வெட்டுவதற்கு மேல் அதிர்வெண்கள் அவ்வளவாக இல்லை. ஆகவே பஃபருக்குப் பிறகு ஒரு ஒய்-கேபிள் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். சுத்தமான கிளை என்வலப் ஃபாலோயருக்கு, டிஸ்டார்ஷன் கிளை இன்னொரு ப்ரீஆம்ப் வழியாக ஃபில்டருக்கு. இந்த ஒரு இணைப்புக்காகவே இரண்டாவது ப்ரீஆம்ப் வாங்கினாலும் தவறில்லை.

இனி மற்ற மாட்யூல்கள். பல விதமாக வெட்டும் ஒரு மல்டிமோட் ஃபில்டர், இரட்டை வி.சி.ஏ. (வோல்டேஜால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது), ஏ.டி.எஸ்.ஆர். (சுரம் எழுந்து தேயும் வடிவத்தைத் தரும் வோல்டேஜ்), எல்.எஃப்.ஓ. (மெதுவாக அசையும் ஆசிலேட்டர்), மிக்சர், ரிங் மாடுலேட்டர், சாம்பிள் அண்ட் ஹோல்ட் (தட்டும் கணத்தின் வோல்டேஜைப் பிடித்து வைப்பது), வோல்டேஜைக் குறைக்கவும் தலைகீழாக்கவும் ஒன்றிரண்டு அட்டென்யுவெர்ட்டர், கடைசியாக ஒரே ஒரு ஆசிலேட்டர். 84 எச்.பி. கொண்ட ஒற்றை வரிசைப் பெட்டியில் இவை அடங்கும். 1 எச்.பி. என்பது 5.08 மில்லிமீட்டர், ஆக 84 எச்.பி. என்றால் சுமார் 43 சென்டிமீட்டர் அகலம். அட்டென்யுவெர்ட்டரை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். என்வலப் முழு வோல்டேஜும் நேராக ஃபில்டருக்குப் போனால் எப்போதும் அதிகம்தான். குறைக்கவும், தலைகீழாக்கி ஓங்கி அடிக்கும்போது ஃபில்டர் மூடும்படி செய்யவும் அது வேண்டும்.

முதல் வாரம் இவற்றை முயலுங்கள். என்வலப்பை அட்டென்யுவெர்ட்டர் வழியாக ஃபில்டரின் கட்-ஆஃப்புக்கு (வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணுக்கு) கொடுத்தால், அடிக்கு அடி 'வா' என்று திறந்து மூடும் ஆட்டோ-வா. கேட்டை ஏ.டி.எஸ்.ஆருக்கும் அதை வி.சி.ஏ.வுக்கும் கொடுத்து, அட்டாக்கை (ஒலி எழும் நேரத்தை) 400 மில்லிசெகண்ட் வைத்தால் மீட்டல் மறைந்து வயலின் போல் சுரம் மலரும். எல்.எஃப்.ஓ.வை சாம்பிள் அண்ட் ஹோல்டில் செருகி, கேட்டால் தட்டிவிட்டால் ஒவ்வொரு மீட்டலுக்கும் ஃபில்டர் வேறு இடத்துக்குத் தாவும்.

ஆசிலேட்டரை ரிங் மாடுலேட்டருக்காகச் சொன்னேன். அது இரண்டு அதிர்வெண்களின் கூட்டலையும் கழித்தலையும் தரும். ஆசிலேட்டரின் சைன் அலையை 110 ஹெர்ட்ஸில் வைத்து 220 வாசித்தால் 330, 110 கிடைக்கும். 440 வாசித்தால் 550, 330. எல்லாம் சுருதிக்குள். 100க்கு நகர்த்திவிட்டு அதே 220 வாசித்தால் 320, 120. உடனே தகர டப்பா மணி ஓசை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலத்தைத் தேடுவதுதான் வேடிக்கை. அதே ஆசிலேட்டரைத் தம்பூரா போலக் கீழே ஓடவும் விடலாம்.

கிதாரின் சுரத்தை ஆசிலேட்டர் பின்தொடர முடியுமா என்ற கேள்விக்கு: முடியும், ஆனால் அதற்காகப் பணம் போடாதீர்கள். சுரத்தைக் கண்டுபிடிக்கக் கருவிக்கு அலையின் ஓரிரு சுற்றாவது கைக்கு வர வேண்டும். தடித்த இ கம்பியில் ஒரு சுற்றுக்கு 12 மில்லிசெகண்ட், இரண்டுக்கு 24. அந்தத் தாமதம் விரலுக்குத் தெரியும். மீட்டிய கணத்தின் சலசலப்பில் ஆசிலேட்டரின் சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவி விழும். ஒற்றை வோல்டேஜில் கார்டு என்ற பேச்சே இல்லை. இதனால்தான் 1977இல் ரோலண்ட் ஜிஆர்-500 வந்த காலத்திலிருந்தே கம்பிக்கு ஒன்றாகப் பிரித்தெடுக்கும் பிக்கப்பைத் தனியாக வைக்கிறார்கள்.

ஆசிலேட்டர்கள் பின்னால் பெருகினால் ஒன்று நினைவிருக்கட்டும்: சுர வோல்டேஜை, ஒரு சிக்னலைப் பலவாகப் பிரிக்கும் சாதாரண மல்டிபிளில் பிரிக்காதீர்கள். 1 கிலோஓம் அவுட்புட்டில் 100 கிலோஓம் இன்புட் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தால் சுமார் 1 சதவீதம் சரியும். ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற யூரோராக் கணக்கில், 3 வோல்ட்டில் அது 30 மில்லிவோல்ட், அதாவது 36 சென்ட் (100 சென்ட் ஒரு அரைச்சுரம்). அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அபசுரம். அங்கே பஃபர் உள்ள மல்டிபிள் வேண்டும். கேட்டையும் என்வலப்பையும் எதில் பிரித்தாலும் பரவாயில்லை.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். கிதாரால் ராக்குக்கு எந்த ஆபத்தும் இல்லை. உண்மையான ஆபத்து பெட்டியின் பின்புறம், மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளில் இருக்கிறது. சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். திருப்பிச் செருகினாலோ ஒரு வரிசைப் பின் தள்ளிச் செருகினாலோ, பாதுகாப்பு டையோடு இல்லாத மாட்யூல் ஒரு நொடியில் கருகும். பெட்டி ஓடும்போது எதையும் செருகாதீர்கள். புதுப் பெட்டி வந்ததும், மாட்யூல் எதுவும் மாட்டாமல் மல்டிமீட்டரால் பிளஸ் 12, மைனஸ் 12 இரண்டையும் அளந்துவிடுங்கள். மின்சாரக் கணக்கை இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். பிளஸ் 12இல் மொத்தம் 500 மில்லிஆம்பியர் வந்தால், 650க்குக் குறையாத சப்ளை வாங்குங்கள்; ஆன் செய்யும் கணத்தில் மாட்யூல்கள் இன்னும் அதிகம் இழுக்கும். இழுக்கப் போதவில்லை என்றால் டிஜிட்டல் மாட்யூல் பாதியில் முழித்துக்கொண்டு நிற்கும்.

ஆம்புக்கு அனுப்பும்போது உள்ளே ஏற்றியதை இறக்க வேண்டும். அவுட்புட் மாட்யூல் வாங்கலாம், ஆனால் இதை நீங்களே சால்டர் செய்யலாம். சின்ன உலோகப் பெட்டி ஒன்று, ஒருபுறம் 3.5 மி.மீ. மோனோ ஜாக், மறுபுறம் 6.35 மி.மீ. மோனோ ஜாக். உள்ளே 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், அதைத் தொடர்ந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர். அது முடியும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம், அதே புள்ளியிலிருந்து ஆம்புக்கு. 5 வோல்ட் 0.45 ஆகும், கிதார் தரும் அளவுதான். கெபாசிட்டர் டி.சி.யைத் தடுக்கும், பேஸ் குறையாது. ராக்கிலிருந்து டிலே பெடலுக்குப் போகவும் இதே பெட்டி போதும். 9 வோல்ட்டில் ஓடும் பெடல் 10 வோல்ட் அலையைத் தாங்காமல் வெட்டிவிடும்.

ஆன் செய்யும்போது முதலில் ராக், பிறகு ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப். ஹெட்ஃபோனை மாட்யூலின் ஜாக்கில் நேராகச் செருகாதீர்கள், காதுக்குக் கேடு. ராக்கையும் ஆம்பையும் இணைத்ததும் ஹம் என்ற இரைச்சல் வந்தால், இரண்டின் எர்த்தும் சேர்ந்து வளையமாகும் கிரவுண்ட் லூப். ஆடியோ கேபிளின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். எர்த் பின்னை உடைத்துச் சரிசெய்யச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. சிங்கிள் காயில் கிதாரோடு பெட்டிக்கு அருகே உட்கார்ந்தால் அதன் மின்மாற்றியையும் பிக்கப் வாங்கிக்கொள்ளும், என்வலப் ஃபாலோயரும் அதை உங்கள் வாசிப்பு என்று நம்பிவிடும். ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள்.

பணம் போடும் முன் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில், ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கிதாரைக் கொடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். போகாடியோ தொகுப்பில் என்வலப் ஃபாலோயர் உண்டு. மேலே சொன்ன இணைப்புகளில் எதை மறுபடி மறுபடி போடுகிறீர்களோ, அந்த மாட்யூல்களை மட்டும் வாங்கலாம். பெட்டி, சப்ளை என்று அலைய மனமில்லையென்றால் கோர்க் எம்எஸ்-20 மினி இருக்கிறது. வெளிச் சிக்னலுக்கான ப்ரீஆம்ப், என்வலப், சுரம் கண்டுபிடிக்கும் சுற்று எல்லாம் அதற்குள்ளேயே வருகின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அது ஸ்தாயிக்கு வோல்ட் கணக்கில் இல்லாமல் ஹெர்ட்ஸுக்கு வோல்ட் கணக்கில் ஓடுவது, சுரத்தைத் தொடங்கிவைக்கும் அதன் ட்ரிகர் சிக்னலும் தலைகீழ். பின்னாளில் யூரோராக்கோடு சேர்க்க நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டிவரும்.

அன்புடன்,
ஆசிரியர்