உள்சுவருக்குப் பெயின்ட் அடிக்க எந்த ரோலர் வாங்குவது?

ரோலரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மேலிருக்கும் பஞ்சு போன்ற இழையின் நீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இழை நீளமானால் பெயின்டை அதிகம் பிடித்துக்கொள்ளும், குட்டையானால் குறைவாக. தடித்த துண்டுக்கும் மெல்லிய கைக்குட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். பட்டி பார்த்து வழவழப்பாக்கிய சுவருக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் போதும். சொரசொரப்பான சுவருக்கு 18 மில்லிமீட்டர் வரை வேண்டும், அப்போதுதான் பள்ளங்களுக்குள் பெயின்ட் இறங்கும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்: மட்டமான ரோலரிலிருந்து உதிரும் இழைகள் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டால் நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம், மூலை, ஓரங்களுக்கு ஒரு பிரஷ். தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்டான எமல்ஷனுக்குச் செயற்கை இழை பிரஷ்தான் சரி. இயற்கை முடி தண்ணீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும்.

நீள இழை ரோலர் இருந்தால் ஒரே பூச்சில் வேலை முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். வழவழப்பான சுவரில் அது பொடிப்பொடி மேடுகளைத்தான் விட்டுச்செல்லும்.