பெட்டியை மாற்றினேன், கோப்பைக் காணோம்

மின்னஞ்சல் சேவையை மாற்றிவிட்டு இணைப்புக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை பகுதி முழுவதும் அவர்களுக்கே. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டு, புகழ் இரண்டும் வெட்டப்பட்டன.

கேள்வி: பழைய மடல்கள் எல்லாம் கைப்பேசிச் செயலியில் தெரிகின்றன. கிளிப் அடையாளமும் இருக்கிறது. தொட்டால் மட்டும் கோப்பைப் பெற முடியவில்லை என்கிறது. புதிய சேவை நன்றாக இருந்ததால் பழைய கணக்கைப் போன வாரமே நீக்கிவிட்டேன். செயலியில் கோளாறா?

பதில்: செயலியின் மேல் பழி போடாதீர்கள். ஐமேப் முறையில் இயங்கும் செயலிகள் பலவும் முதலில் மடலின் தலைப்பையும் எழுத்தையும் மட்டுமே இறக்கிக்கொள்ளும். கோப்பு சர்வரிலேயே கிடக்கும். நீங்கள் தொடும்போதுதான் போய் எடுத்துவரும். எடுத்துவர இப்போது அங்கே ஒன்றும் இல்லை. அதை நீக்கியது நீங்கள்.

முதல் வேலை, கைப்பேசியில் அந்தப் பழைய கணக்கை அகற்றாமல் இருப்பது. அகற்றினால் மிச்சமிருக்கும் எழுத்தும் போகும். அடுத்து, இன்றே கணக்கை மீட்கப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் மூடும்போது 30 நாளா, 60 நாளா என்று கேட்டிருப்பார்கள். அதற்குள் பழையபடி உள்ளே நுழைந்தால் மூடல் ரத்தாகிவிடும். கூகுள் கணக்கென்றால் கணக்கு மீட்புப் பக்கத்தில் முயலுங்கள். நீக்கி அதிக நாள் ஆகவில்லையென்றால் வாய்ப்பு உண்டு. மீண்டு வந்ததும் கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, இந்தக் கணக்கின் மடல்களைக் கணினியிலேயே வைத்துக்கொள் என்ற தேர்வைச் சொடுக்கி, முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, பத்துப் பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால்தான் மடல்கள் உங்களிடம் இருக்கின்றன என்று பொருள்.

ஒரு வாரத்தில் கணக்கை நீக்க அப்படி என்ன அவசரம்? இலவசக் கணக்கு சும்மா கிடந்தால் வாடகையா கேட்கிறது?

கேள்வி: புதிய சேவைக்கு வந்தபின், ஒரே ஒருவர் அனுப்பும் மடல்களில் மட்டும் வேர்டு, எக்செல் எதுவும் வருவதில்லை. வின்மெயில்.டேட் என்று ஒன்று வருகிறது. திறக்கவே முடியவில்லை. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை. அவர் அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் அனுப்புகிறார். அவுட்லுக் எல்லாவற்றையும் தன் சொந்தப் பொட்டலத்தில் கட்டிவிடுகிறது. உங்கள் பழைய சேவைக்கு அதைப் பிரிக்கத் தெரியும், புதியதற்குத் தெரியாது. எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். வேலை அவருடையது, உங்கள் பக்கம் பழுது ஏதுமில்லை.

கேள்வி: 25 எம்பி வரை அனுப்பலாம் என்று புதிய சேவையின் விளம்பரம் சொன்னது. என் காணொளி 24 எம்பிதான். மூன்று பேருக்கு அனுப்பினேன், இருவரிடமிருந்து 552 என்ற எண்ணோடு திரும்பி வந்துவிட்டது. ஏமாற்று வேலைதானே?

பதில்: பாதி ஏமாற்று, பாதி வரலாறு. மடல்களைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெறும் ஆங்கில எழுத்துகளைச் சுமக்க உருவானது. படம், ஒலி, கோப்பு ஆகியவற்றுக்கு வழிசெய்த மைம் விதிமுறை 1992-இல்தான் வந்தது. அதுவும் பழைய பாதையை மாற்றவில்லை. கோப்பையே எழுத்துகளாக உருமாற்றி அதே பாதையில் அனுப்பியது. பேஸ்64 என்று அதற்குப் பெயர். மூன்று பைட் உள்ளே போனால் நான்கு எழுத்து வெளியே வரும். ஆக உங்கள் 24 எம்பி, பயணத்தில் 32 எம்பியைத் தாண்டுகிறது. பெறுகிறவரின் சர்வர், உருமாறிய முழு மடலையும் நிறுத்துப் பார்க்கிறது. 552 என்றால் அளவு மீறல் அல்லது இடப் பற்றாக்குறை என்று பொதுவாகக் கொள்ளலாம்.

விளம்பரத்தில் இருப்பது அனுப்பும் பக்கத்தின் வரம்பு. பெறும் பக்கத்துக்கு அவர்கள் எப்படி உறுதி தர முடியும்? அதை விளம்பரத்தில் சொல்லாமல் விட்டதைத்தான் பாதி ஏமாற்று என்கிறேன். 15 எம்பிக்கு மேல் போனால் மேகச் சேமிப்பில் ஏற்றிச் சுட்டி அனுப்புங்கள். ஆனால் அடுத்த கடிதத்தையும் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: புகைப்படக் கலைஞன் நான். வாடிக்கையாளர்களுக்கு மூன்று ஆண்டுகளாக ஆல்பங்களை மின்னஞ்சலில் அனுப்பி வந்தேன். சேவையை மாற்றிப் பழைய கணக்கை மூடியதிலிருந்து, ஆல்பம் திறக்கவில்லை என்று ஒவ்வொருவராக அழைக்கிறார்கள். அனுப்பிய கோப்பு அவர்களிடம்தானே இருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கோப்பை அனுப்பவே இல்லை, கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியை அனுப்பினீர்கள். ஜிமெயிலில் 25 எம்பியைத் தாண்டினால் அதுவே கோப்பை டிரைவில் போட்டுவிட்டு மடலில் சுட்டியை வைத்துவிடும். அவுட்லுக் ஒன்டிரைவைக் காட்டும். ஆப்பிளின் மெயில் டிராப்போ 30 நாளில் காலாவதி. பார்வைக்கு எல்லாம் இணைப்புக் கோப்பு மாதிரியே, சின்னப் படத்தோடு, கோப்பின் பெயரோடு நிற்கும். கணக்கை மூடியதும் டிரைவும் மூடிக்கொண்டது.

மூலப் படங்கள் உங்கள் வன்தட்டில் இருக்குமானால் புதிய கணக்கில் ஏற்றிப் புதுச் சுட்டிகளை அனுப்புங்கள். இல்லையென்றால் மேலே முதல் கடிதத்துக்குச் சொன்ன கணக்கு மீட்புதான் வழி. எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பிறர் உங்கள் பழைய முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பகிர்ந்தவை, மடலைப் புதிய பெட்டிக்கு நகர்த்தினாலும் திறக்காது. புதிய முகவரிக்கு மறுபடி பகிரச் சொல்லிக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர்கள் மேல் தவறில்லை, அவர்களிடம் கடிந்து பேசாதீர்கள்.

கேள்வி: பழைய சேவையிலிருந்து மொத்த மடல்களையும் எம்பாக்ஸ் கோப்பாக இறக்கினேன். புதிய சேவை அதை ஏற்கவில்லை. 'இலவச மாற்றி' என்று தேடிக் கிடைத்த மென்பொருளை நிறுவினேன். பட்டியலில் எல்லா இணைப்புகளும் அழகாகத் தெரிந்தன. மாற்றி முடித்ததும் பார்த்தால் முதல் சில மடல்கள் மட்டுமே இருக்கின்றன, அவற்றிலும் இணைப்புகள் இல்லை. முழுப் பதிப்புக்குப் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

எம்பாக்ஸ் என்பது பூட்டிய பெட்டி அன்று. மடல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வெறும் எழுத்துக் கோப்பு. இணைப்புகளும் அதற்குள்ளேயே எழுத்தாகக் கிடக்கின்றன. நம்பாவிட்டால், ஏதேனும் ஒரு மடலைத் தனியே இஎம்எல் கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திறந்து பாருங்கள். சற்றுக் கீழே இறங்கினால் கோப்பின் பெயர் தெரியும். அதற்கடியில் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துகள், ஒரே அகலத்தில், வரிவரியாகப் பக்கம் பக்கமாய் ஓடும். அந்தக் குப்பைதான் உங்கள் கோப்பு. முதல் எழுத்துகள் ஜே, வி, பி, இ, ஆர் என்று தொடங்கினால் அது பிடிஎஃப். சாய்கோடு, ஒன்பது, ஜே என்றால் ஜேபெக் படம். யு, இ, எஸ், டி என்றால் ஜிப், அல்லது இன்றைய வேர்டு, எக்செல் கோப்பு. இந்த எழுத்துகள் இருக்கின்றனவா? அப்படியானால் உங்கள் கோப்பு பத்திரமாக இருக்கிறது. இல்லாத ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் காசு கேட்கிறார்கள்.

தண்டர்பேர்டு இலவசம். எம்பாக்ஸை உள்ளே கொண்டுவர இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற நீட்சி இருக்கிறது, அதுவும் இலவசம். உள்ளே வந்ததும் புதிய கணக்கை ஐமேப் முறையில் அதிலேயே சேர்த்து, கோப்புறை கோப்புறையாகப் பிரதி எடுங்கள். இழுத்து நகர்த்தாதீர்கள், பிரதி மட்டும் எடுங்கள். நடுவில் அறுந்தால் மூலம் இருக்கும். சர்வர்கள் ஒரே நாளில் அளவுக்கு மேல் வாங்கிக்கொள்ள மறுக்கும், ஆகவே இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். அந்த மென்பொருளும் சர்வரை ஏமாற்றி வேகமாக ஏற்றிவிடாது.

இதைவிட மோசமான ரகம் ஒன்று உண்டு: எங்கள் தளத்தில் ஏற்றுங்கள், மாற்றித் தருகிறோம் என்பவர்கள். பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்தையும், அதில் நீங்கள் அனுப்பிய அடையாள அட்டைப் பிரதிகளையும் முன்பின் தெரியாதவருக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு மாற்றம் என்று பெயரா? நானும் ஒரு காலத்தில் இந்த ரக மாற்றி ஒன்றுக்கு வாழ்நாள் உரிமம் வாங்கி வைத்தவன்தான். முடிந்தது அந்தப் பொருளின் வாழ்நாள். அதே நிறுவனம் பெயரை மாற்றி, அதே மென்பொருளுக்குப் புது உரிமம் விற்றது. சோதனைப் பதிப்பு என்று போட்டுக்கொள்ளட்டும், குறை சொல்ல மாட்டேன். இணைப்புகளைப் பட்டியலில் காட்டிவிட்டுக் கொடுக்கும்போது உருவிக்கொள்வதற்குச் சோதனை என்று பெயர் இல்லை.

கேள்வி: தமிழில் பெயரிட்டு அனுப்பிய கோப்புகள் புதிய பெட்டியில் சமக்குறி, கேள்விக்குறி, யுடிஎஃப்-8 என்று பெயர் சிதைந்து வருகின்றன. கோப்பும் கெட்டுவிட்டதா?

பதில்: பெயர்தான் கெட்டது. சேமித்து, பெயர் மாற்றி, கடைசியில் புள்ளி பிடிஎஃப் அல்லது உரிய வால் சேருங்கள், திறக்கும்.

கேள்வி: மென்பொருள் நிறுவல் கோப்பை ஜிமெயில் தடுக்கிறது. ஜிப்பில் போட்டேன், அப்போதும் தடுக்கிறது. பழைய சேவை விட்டுக்கொண்டிருந்ததே?

பதில்: விட்டது பழைய சேவையின் குறை. ஜிமெயில் ஜிப்புக்குள்ளும் பார்க்கும். மேகச் சேமிப்பில் ஏற்றுங்கள்.

கேள்வி: புதிய சேவையில் இணைப்புகள் திறக்காததால், இணையத்தில் தேடி 'உதவி மையம்' என்றிருந்த எண்ணை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள். கணினியைத் தொலைவிலிருந்து பார்க்க ஒரு செயலியை நிறுவச் சொன்னார்கள். இணைப்புகளில் வைரஸ் என்று சிவப்புத் திரையைக் காட்டி, சுத்தம் செய்ய அட்டையில் பணம் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் எண்ணே வேலை செய்யவில்லை. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், நாளெல்லாம் பழகிய பேச்சு. நல்ல விவரம் தெரிந்தவர்களே விழுகிறார்கள். வீட்டில் சொல்லுங்கள். கீழே உள்ள வேலைகளுக்குக் கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது.

முதலில் வங்கி. அட்டையை முடக்கச் சொல்லி, பரிவர்த்தனையை மறுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் முக்கியம். கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அந்தத் தொலைக் கட்டுப்பாட்டுச் செயலியை அகற்றுங்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சல் கணக்கில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதைச் சொடுக்குங்கள். பலர் மறக்கும் ஒன்று: மின்னஞ்சல் அமைப்புகளில் 'முன்னனுப்பல்', 'வடிகட்டி' இரண்டையும் திறந்து பாருங்கள். உங்களுக்கு வருவதையெல்லாம் தங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பும்படி அங்கே ஒரு வரி எழுதிவைத்துப் போவது இவர்கள் வழக்கம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த வரி நீடிக்கும். காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் புகாரைப் பதியுங்கள். வங்கி கேட்கும்போது அந்த ரசீது உதவும்.

இணைப்புகள் திறக்காததற்குக் காரணம் என்னவென்று தனியாக எழுதுங்கள், அடுத்த முறை பார்ப்போம். அது வைரஸ் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: வழக்கறிஞர் ஒருவர் அனுப்பும் எல்லா மடலும் புதிய கணினியில் எஸ்மைம்.பி7எம் என்ற ஒரே கோப்பாக வருகிறது.

பதில்: மறையாக்கம் செய்த மடல். திறக்கும் சாவி பழைய கணினியில் உங்கள் டிஜிட்டல் சான்றிதழோடு இருக்கிறது. அங்கிருந்து சாவியோடு ஏற்றுமதி செய்து புதிய கணினியில் சேருங்கள். பழைய கணினியை அதற்குள் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: பழைய சேவைக்குச் சந்தா முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் மேல் நினைவூட்டல். எல்லாவற்றையும் நகர்த்திவிட்டதாகத்தான் நினைக்கிறேன். கட்டுவதா, விடுவதா?

பதில்: நினைக்கிறேன் என்பவர் கட்டத்தான் வேண்டும். வேறொரு கணினியில், பழைய கணக்கின் வாடையே இல்லாமல் புதியதில் மட்டும் நுழைந்து, இருப்பதிலேயே பழைய இணைப்பையும் பெரிய இணைப்பையும் திறந்து பாருங்கள். 'அனுப்பியவை' கோப்புறையையும் பாருங்கள். மடல்களை இறக்கிக்கொள்ளும் பாப் என்ற பழைய முறையில் நகர்த்தியிருந்தால் இன்பாக்ஸ் மட்டுமே வந்திருக்கும். வங்கி, காப்பீடு, வரி ஆகியவை இன்னும் பழைய முகவரிக்கு வருகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியென்றால் விடுங்கள். இல்லையென்றால் இருப்பதிலேயே குறுகிய காலத்துக்குக் கட்டுங்கள். மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடியை நம்பி நான் கட்டிய சேவை ஒன்று இரண்டாம் ஆண்டே கடையைக் கட்டியது.