ஏழு நாளும் கார் வேண்டுமா?

கேள்வி: கணவர், நான், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போகிறோம். மொத்தம் 7 நாள். போகிற நாளும் கிளம்புகிற நாளும் கழித்தால் மிச்சம் 5. அதில் ஒரு நாள் படகுச் சவாரி, ஒரு நாள் ரிசார்ட்டிலேயே ஓய்வு, மூன்று நாள் ஊர் சுற்றல். ரிசார்ட் விமான நிலையத்திலிருந்து 40 நிமிடத் தூரம். கார் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்கிறார் கணவர். எனக்கு அது தண்டச் செலவாகப் படுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: ஊர் சுற்றும் அந்த மூன்று நாளைக்கு மட்டும் எடுங்கள். ஏழு நாள் எடுத்தால் நான்கு நாள் கார் பெரும்பாலும் வெயிலில்தான் நிற்கும். சும்மா நிற்கிற காருக்கும் செலவு உண்டு: வாடகை, இன்ஷூரன்ஸ், சைல்ட் சீட் எல்லாம் நாள் கணக்குதான். பல ரிசார்ட்டுகள் அங்கே தங்குகிறவர்களிடமே ஒவ்வொரு இரவுக்கும் பார்க்கிங் கட்டணம் வாங்குகின்றன. ஹவாயின் வைகிகி கடற்கரை ஹோட்டல்களில் இது சர்வசாதாரணம். அறையை முன்பதிவு செய்யும்போது கண்ணில் படாத இந்தத் தொகை, காலி செய்கிற அன்றைக்கு பில்லில் வந்து நிற்கும். படகுச் சவாரிக்குப் பெரும்பாலும் நடத்துகிறவர்களே ஹோட்டல் வாசலுக்கு வண்டி அனுப்பிவிடுவார்கள், முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள்.

வாடகை நிறுவனத்துக்கு ரிசார்ட் பக்கத்தில் கிளை இருக்கிறதா, அல்லது காரை ரிசார்ட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போக வர இரண்டு முறை டாக்சி, நடுவில் மூன்று நாள் கார் என்று முடித்துவிடலாம். விமான நிலையக் கிளையில் தனியாக ஒரு கட்டணம் சேர்ப்பது வழக்கம், அதுவும் மிச்சம். கிளை எதுவும் இல்லை, விமான நிலையத்துக்கே போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏற பெரிய டாக்சி வேண்டும், அதற்கு இரண்டு பயணத்துக்கான கூலி, காரை எடுக்க விட ஒருவர் அலையும் செலவு, எல்லாவற்றையும் கூட்டி, ஏழு நாள் வாடகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்போது உங்கள் கணவர் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.

பொதுவாகவே இந்தக் கேள்விக்குத் தீவின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எங்கே தங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மால்டாவின் பெரிய தீவு 27 கிலோமீட்டர் நீளம்தான். தலைநகர் வல்லெட்டாவுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் பேருந்திலேயே வேண்டிய இடமெல்லாம் போய் வரலாம். பேருந்து குறைவாக வரும் ஒரு மூலையில் வில்லா எடுத்தால் அதே தீவில் கார் இல்லாமல் கஷ்டம். ஹவாயின் பெரிய தீவோ அந்தத் தீவுக்கூட்டத்தின் மற்ற தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. மேற்குக் கரையில் கோனாவில் தங்கிக்கொண்டு எரிமலைப் பூங்காவைப் பார்க்கப் போனால் ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அங்கே கார் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கார் ஓடவே விடாத தீவுகளும் இருக்கின்றன: கிரேக்கத்தின் ஹைட்ராவில் கழுதையும் கோவேறு கழுதையும்தான், அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் 1898 முதல் மோட்டார் வண்டிக்குத் தடை. அதனால் அறைக்குப் பணம் கட்டும் முன்பே கார் கணக்கையும் போட்டுவிடுங்கள். ஒதுக்குப்புறத்தில் மலிவாகக் கிடைத்த அறை, கார் செலவைச் சேர்த்தபின் மலிவாக இருக்காது.

கார் எடுப்பது, எடுக்காமல் விடுவது இரண்டைத் தவிர, ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு வண்டி அமர்த்துவது என்று மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. பாலி போன்ற இடங்களில் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் சுற்றுகின்றன. மாமியாரை வாசலிலேயே இறக்கிவிடலாம், பார்க்கிங் தேடி அலைய வேண்டாம், உங்கள் கணவரும் சாலையையே முறைத்துக்கொண்டிராமல் கடலைப் பார்ப்பார். மூன்று நாளுக்கு இந்த விலையையும் ஒரு தடவை கேளுங்கள். எரிபொருள், பார்க்கிங், கூடுதல் நேரம் எல்லாம் அதில் அடக்கமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கார் எடுப்பதில்லை என்று முடிவானால் ரிசார்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: "மாலை 6 மணிக்குக் கடற்கரையிலிருந்து திரும்பி வர டாக்சி எப்படிக் கிடைக்கும்?" போகும்போது ரிசார்ட்டே வண்டி பிடித்துக் கொடுத்துவிடும். திரும்பும்போதுதான், ஈரத் துண்டும் தூங்கிவழியும் குழந்தையுமாகச் சாலையோரம் நிற்க வேண்டி வரும்.

கேள்வி: இணையத்தில் பார்த்த வாடகை மிகக் குறைவு. ஆனால் கவுன்டரில் இன்ஷூரன்ஸ் என்று சொல்லி ஏகப்பட்டது சேர்ப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அது கட்டாயமா?

பதில்: பயம் வேண்டாம், ஆனால் வீட்டிலேயே படித்துவிட்டுப் போக வேண்டும். எட்டு மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு, பின்னால் வரிசை நிற்க, பிள்ளை "பசிக்குது" என்று சட்டையை இழுக்க, டேப்லெட்டில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது.

சேதப் பாதுகாப்பு பல நாடுகளில் வாடகையிலேயே சேர்ந்திருக்கும், சில நாடுகளில் தனியாக வாங்க வேண்டும். உதாரணமாக அமெரிக்காவில் பெரும்பாலும் தனிதான். சேர்ந்திருந்தாலும் முழுத் தொகையையும் நிறுவனம் ஏற்காது. குறிப்பிட்ட தொகை வரை நீங்கள்தான் கட்ட வேண்டும், இதைத்தான் எக்சஸ் என்கிறார்கள். அந்தத் தொகையை அப்படியே உங்கள் கிரெடிட் கார்டில் டெபாசிட்டாக முடக்கி வைப்பது வழக்கம். கவுன்டரில் விற்க முயல்வது பெரும்பாலும் இந்த எக்சஸைக் குறைக்கும் அல்லது பூஜ்யமாக்கும் திட்டம். பொதுவாக அது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் டெபாசிட் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்காக வெளியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் தனி பாலிசி எடுத்தால் பெரும்பாலும் மலிவு. ஆனால் ஒன்று: சேதம் நடந்தால் வாடகைக் கம்பெனிக்கு நீங்கள் முதலில் கட்டிவிட்டு, பிறகு ரசீதுகளை அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். அதற்குக் கார்டில் இடமும் மனதில் பொறுமையும் இருந்தால் சரி. இல்லையென்றால் கவுன்டர் திட்டத்தையே வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள், அதில் தப்பில்லை. உங்கள் கிரெடிட் கார்டிலேயே வாடகைக் காருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வழக்கமாக முழு வாடகையையும் அதே கார்டில் கட்டியிருக்க வேண்டும், கவுன்டர் திட்டத்தை வாங்கியிருக்கக் கூடாது.

டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தொலைந்த சாவி, மாற்றி ஊற்றிய எரிபொருள் – அடிப்படைப் பாதுகாப்பில் பெரும்பாலும் இவை வராது. தீவுகளில் கரடுமுரடான பாதைகள்தான் அதிகம், அடி வாங்குவதும் இவைதான். ஐஸ்லாந்தில் பலத்த காற்று கதவை மடக்கிப்போட்டாலோ, ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனாலோ பொதுவாக முழுச் செலவும் உங்கள் தலையில்தான். ஒப்பந்தத்தில் ஓட்டக் கூடாத சாலைகள் என்று இருந்தால், அங்கே போனபின் எந்தப் பாதுகாப்பும் கைகொடுக்காது.

கேள்வி: நாங்கள் இடதுபுறம் ஓட்டிப் பழகியவர்கள். போகிற தீவில் வலதுபுறம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிட்டேன், போதாதா?

பதில்: அது உங்கள் சொந்த உரிமத்துக்கு மொழிபெயர்ப்பு மாதிரிதான். அசல் உரிமத்தையும் கையில் வைத்திருங்கள். அனுமதி எந்தச் சர்வதேச ஒப்பந்தத்தின்படி கொடுக்கப்பட்டது என்றும் பாருங்கள்: 1949 ஜெனீவா, 1968 வியன்னா என்று முக்கியமாக இரண்டு உண்டு. ஜப்பான் 1949-ஐ மட்டுமே ஏற்கும். ஒகினாவா தீவுக்குப் போய் இறங்கியபின் இது தெரிந்தால், முன்பணம் கட்டிய கார் கண்ணெதிரே நிற்கும், சாவி கைக்கு வராது.

பக்கம் மாறுவது முதல் நாள்தான் தொல்லை. இண்டிகேட்டர் போட நினைத்து ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரை ஓடவிடுவீர்கள். நேர்ச்சாலையில் சமாளித்துவிடலாம். யாருமில்லாத சாலையில் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போகும். பக்கத்தில் உட்காருபவர் அப்போது சத்தமாகச் சொல்ல வேண்டும். கீர் மாற்றும் தொல்லையாவது இல்லாமல் ஆட்டோமேட்டிக் எடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. விமானம் இரவில் இறங்கினால் அன்று டாக்சியில் போய்விட்டு, மறுநாள் காலையில் காரை எடுங்கள்.

கேள்வி: போன முறை காரைத் திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் கழித்து, பம்பரில் கீறல் என்று கார்டில் பணம் எடுத்துவிட்டார்கள். நாங்கள் போடாத கீறல். எப்படித் தப்பிப்பது?

பதில்: ஆட்சேபணையை எழுத்தில் அனுப்புங்கள். எடுக்கும்போது போட்ட சேதக் குறிப்பின் நகல், கீறலின் தேதியிட்ட படம், பழுது பார்த்த பில் மூன்றையும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், கார்டு கொடுத்த வங்கியில் அந்தக் கட்டணத்தை மறுத்து மனுக் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை வண்டியை நகர்த்தும் முன் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, நான்கு மூலை, சக்கர ரிம், முன்கண்ணாடி, கூரை, குனிந்து பம்பரின் அடிவிளிம்பு, கடைசியில் உள்ளே எரிபொருள் முள்ளும் கிலோமீட்டரும். இருட்டான பார்க்கிங்காக இருந்தால் வெளிச்சத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், தர்மசங்கடமே வேண்டாம். பார்த்த கீறல் ஒவ்வொன்றும் அவர்கள் தாளில் ஏற வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வீடியோ. கிளையில் ஆள் இல்லாத நேரத்தில் காரை விட்டு, அங்கே வைத்திருக்கும் சாவிப் பெட்டிக்குள் சாவியைப் போட்டுவிட்டு வருவதைக் கூடியவரை தவிருங்கள்.

கேள்வி: 9 வயதுப் பையனுக்கும் சைல்ட் சீட் வேண்டுமா? சின்னக் கார் ஒன்றில் ஐந்து பேர் போக முடியாதா?

பதில்: வயதைவிட உயரம்தான் பேசும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தது 135 செ.மீ. உயரம் வரை சைல்ட் சீட் அல்லது பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) கட்டாயம், சில நாடுகளில் 150 வரை. பையனை அளந்து பாருங்கள். வாடகை சீட்டுக்கு நாள் கட்டணம் உண்டு, சில நாளிலேயே புது பூஸ்டர் விலையைத் தொட்டுவிடும். பல விமான நிறுவனங்கள் குழந்தை சீட்டை இலவசமாக ஏற்றிக்கொள்கின்றன, உங்களுடையதைக் கேட்டுவிட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம்.

சின்னக் கார் ஆகாது. பின்சீட்டில் ஒரு சைல்ட் சீட், ஒரு பூஸ்டர், நடுவில் மாமியார். அரை மணி நேரத்தில் அவர் முழங்கால் பதில் சொல்லிவிடும். டிக்கியில் இரண்டு பெட்டிக்கு மேல் ஏறாது. இன்னொன்று, முன்பதிவில் காட்டும் மாடலுக்குப் பக்கத்தில் 'அல்லது அதுபோன்ற' என்று போட்டிருப்பார்கள். படத்தில் பார்த்த வண்டியே வரும் என்று நம்பிப் பெட்டியை அளக்காதீர்கள்.

கேள்வி: பக்கத்துத் தீவுக்கு ஃபெர்ரியில் காரை ஏற்றிப் போகலாமா?

பதில்: எழுத்தில் அனுமதி வாங்கினால் மட்டும். பல ஒப்பந்தங்களில் அதற்குத் தடை உண்டு, மீறினால் கப்பலில் நடக்கும் சேதம் முழுவதும் உங்களுடையது. பெரும்பாலும், காரை இந்தக் கரையில் விட்டுவிட்டு, அந்தத் தீவில் ஒரு நாளைக்கு வேறு வண்டி எடுப்பது சுலபம்.