கிணற்றடியில் நேரும் அடைப்பு

கேள்வி: பாறையில் எண்ணெய் மிஞ்சியிருந்தும் சில கிணறுகளில் உற்பத்தி சரிவது ஏன்?

பதில்: மணற்பாறையின் நுண்துளைச் சுவர்களில் 37 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள், குறிப்பாகக் கயோலினைட் போன்ற களிமண் துகள்கள், ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உப்புநீர் சூழ்ந்திருக்கும்வரை அந்தப் பிடி தளராது, ஆனால் நன்னீர் உட்புகுந்தால் துகளும் சுவரும் ஒன்றையொன்று விலக்க, கழன்ற துகள்கள் ஓட்டத்தோடு கிணற்றை நோக்கி நகர்கின்றன. எல்லாத் திசைகளிலிருந்தும் ஓட்டம் குவிவதால் கிணற்றருகே வேகம் மிகுதி. அங்கே துளையின் குறுகிய கழுத்தைவிடப் பெரிய துகள்தான் அடைக்கும் என்பதில்லை, கழுத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கே உள்ள துகள்களும் கூட்டமாக வந்தால் பாலம்போல் கோத்துக்கொண்டு வழியை மூடிவிடும். நன்னீருக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு கலந்த நீரைப் பயன்படுத்தி இதைத் தடுப்பதே மேல். பின்னர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் களிமண்ணைக் கரைக்கலாம் எனினும், சுண்ணாம்பு மிகுந்த பாறையில் அது கால்சியம் புளோரைடாகப் படிந்து புதிய அடைப்பாகிவிடும்.