கிராபிக்ஸ் கார்டு மாற்றியபின் ஒலி நின்றுபோனது குறித்து

வணக்கம். திருப்பூரில் உங்கள் பின்னலாடை அலுவலகக் கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தியதிலிருந்து ஸ்பீக்கரில் ஒலி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கோவைக்குப் பேருந்து ஏற வேண்டாம், அது பெரும்பாலும் பழுதாக இருக்காது. எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் கடத்துவதால், கார்டின் டிரைவரோடு (கார்டை இயக்கும் மென்பொருள்) ஓர் ஒலிச் சாதனமும் சேர்ந்தே நிறுவப்படுகிறது; விண்டோஸ் அதையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். கடிகாரத்துக்கு அருகிலுள்ள ஒலிக் குறியை வலது கிளிக் செய்து, ஒலி அமைப்புகளில் வெளியீட்டுச் சாதனமாக மதர்போர்டின், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையின், ஒலிச் சிப்பை (பல கணினிகளில் ரியல்டெக் என்றிருக்கும்) தேர்ந்தெடுங்கள். அது பட்டியலிலேயே இல்லையென்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். பச்சை நிறத் துளையிலிருந்து ஸ்பீக்கர் கம்பி கழன்றிருக்கிறதா என்பதையும் தயவுசெய்து பாருங்கள்.